மருத்துவ மேதை டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்



காவிரி பாயும் நம் சோழ வளநாடு நெல்லுக்குப் பெயர் பெற்றது. கோயில்களுக்கும் இசைக்கும் பெயர் பெற்றது. ஆனால் நம் பாட்டிமார் காலத்தில் இந்த வட்டாரத்திற்கு வேறொரு பெயரும் இருந்தது. யானைக்கால் நோய் என்றவுடன் கும்பகோணத்தைச் சொல்லிக் காட்டும் வழக்கம் தமிழ்நாடெங்கும் இருந்தது. வீங்கிப் பருத்த காலை இழுத்துக்கொண்டு கடைத்தெருவில் நடப்பவர்களையும், திருமணம் தடைப்பட்டு வீட்டுக்குள்ளேயே முடங்கிய பெண்களையும் நம் ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் ஒருவரின் பெயரையாவது சொல்வார்கள்.

இன்று அத்தகைய கால்களைக் காண்பது அரிதாகிவிட்டது. இந்த மாற்றத்திற்குத் துணை நின்ற காரணங்களுள் ஒன்று ஒரு சிறு மாத்திரை. டி.இ.சி. என்று சுகாதாரப் பணியாளர்கள் அழைக்கும் அம்மாத்திரை உருவான ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்தவர் ஓர் இந்தியர். சென்னையில் மருத்துவம் பயின்றவர். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்றவர். அவரே டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். மருத்துவராக வேண்டும் என்று கனவு காணும் மாணவியர் நம் பள்ளியில் பலர் இருப்பதால், அவருடைய வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் எழுதலாம் என்று எண்ணினேன்.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். அது கோதாவரி பாயும் நெல் விளையும் பூமி. நம் தஞ்சைத் தரணியைப் போன்றதே. தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். உடல் நலக்குறைவால் அவர் வேலையை விட நேர்ந்தபோது, குழந்தைகள் நிறைந்த அக்குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. தாயார் வெங்கம்மா மனத்திண்மை மிக்கவர். தம் மகன் எப்படியும் படித்து ஆளாக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

மகனுக்கோ அந்த வயதில் படிப்பில் நாட்டம் இல்லை. பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்ப்பதென முடிவு செய்தார். பாதி வழியிலேயே பிடிபட்டு மீண்டும் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். நெருங்கிய உறவினரின் மரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவரை வாட்டின. பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோல்வி. பிறகு சென்னை வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முறை எழுதித் தேறினார். அடுத்து மாநிலக் கல்லூரியில் சேர்ந்து இடைநிலை வகுப்பை முடித்தார்.

ஒருமுறை தவறினால் உலகமே முடிந்துவிட்டதென்று கலங்கும் மாணவியர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். பிற்காலத்தில் உலகிற்கே மருந்தளித்த கைகள், பள்ளித் தேர்வின் விடைத்தாளை மூன்றுமுறை எழுதின.

மருத்துவக் கல்லூரியில்

கல்லூரிப் பருவத்தில் சுப்பாராவுக்குத் துறவில் நாட்டம் ஏற்பட்டது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் இசையவில்லை. மடத்துப் பெரியோர்களும் மருத்துவம் கற்று மக்களுக்குப் பணிபுரியும்படி வழிகாட்டினர். அவ்வாறே அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். புதுக்கோட்டையைச் சேர்ந்த முத்துலட்சுமி அம்மையார் அதே கல்லூரியில் படித்து, 1912-ஆம் ஆண்டு பட்டம் பெற்று வெளியேறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

நண்பர்களின் உதவியும், பின்னர் மாமனாரின் உதவியும் அவர் படிப்பைக் காத்தன. 1919-ஆம் ஆண்டு சேஷகிரி என்னும் பெண்மணியை மணந்தார். அது நாட்டு விடுதலை வேட்கை கொழுந்துவிட்ட காலம். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்ட மாணவர் சுப்பாராவ், அறுவைச் சிகிச்சை அறையிலும் கதராடையே அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியிருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக, அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே 1921-இல் அவருக்குக் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியில் சேர அவர் செய்த முயற்சியும் பலிக்கவில்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய துயரம் ஒன்று அவர் நெஞ்சில் ஆறாத வடுவாக இருந்தது. ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரைக் கொண்டுபோயிற்று. உண்ட உணவின் சத்து உடலில் சேராமல், வயிற்றுப்போக்காலும் சோகையாலும் மனிதன் நாளுக்கு நாள் உருகிப் போவது அந்நோயின் தன்மை. அன்று அதற்குச் சரியான மருந்து எவரிடமும் இல்லை. சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் அவர் உயிர் பிழைத்தார். பின்னர் அவரைச் சார்ந்து சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கும் ஆசிரியரானார்.

தமக்குத் தெரிந்த மேனாட்டு மருத்துவம் ஏன் கைவிட்டது? நாட்டு மருந்து எவ்வாறு பிழைக்க வைத்தது? நோயின் வேர் எங்கே இருக்கிறது? இக்கேள்விகள் அவரை உறங்கவிடவில்லை. நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுப்பதோடு மருத்துவரின் கடமை முடிந்துவிடாது, மருந்தே இல்லாத நோய்க்கு மருந்தைத் தேடுவதும் மருத்துவரின் கடமையே என்று அவர் உணர்ந்தார். ஆராய்ச்சியாளர் சுப்பாராவ் பிறந்தது அந்த நாளில்தான் என்றால் அது மிகையாகாது.

கடல் கடந்த மாணவர்

மாமனாரும் ஓர் அறநிலையமும் கைகொடுக்க, 1920-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப மண்டல நோய்களைப் பற்றிய படிப்பில் சேர்ந்தார். கையில் பணமில்லை, உதவித்தொகை இல்லை. பகலில் படித்தார், இரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் படுக்கைக் கலங்களைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். மருத்துவம் படித்த ஒருவர் அந்த வேலையைச் செய்வதா என்று அவர் எண்ணவில்லை. எந்தத் தொண்டும் இழிவானதன்று என்று நம் அருட்சகோதரிகள் நமக்குக் கற்றுத் தருவதை அவர் வாழ்ந்து காட்டினார்.

படிப்பை முடித்தபின் உயிர் வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் பேராசிரியரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலை பார்வைக்கு மிகச் சாதாரணமானது. இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று எளிதாக அளக்க ஒரு வழி காண வேண்டும். பாஸ்பரஸ் என்பது நம் உழவர்கள் சூப்பர் பாஸ்பேட் உரமாக வயலில் இடும் பொருளில் உள்ளதே. பயிருக்குப் போலவே நம் எலும்புக்கும் தசைக்கும் அது இன்றியமையாதது. மாதிரியுடன் சில வேதிப்பொருள்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பரஸ் மிகுதியானால் நீலமும் மிகும். அந்நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவைச் சொல்லலாம். 1925-ஆம் ஆண்டு வெளியான இம்முறை ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்றே பெயர் பெற்றது. உயிர் வேதியியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் அப்பெயரைப் பாடத்தில் காண்கிறார்கள்.

இதே முறையைத் தசைச் சாற்றில் கையாண்டபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. உடனே நிறைவடைய வேண்டிய நீல நிறம் தாமதித்து, மெல்ல மெல்ல ஏறியது. கருவியில் பிழை, கைத்தவறு என்று சொல்லி வேறொருவர் அதனை ஒதுக்கியிருக்கக்கூடும். அவர்கள் ஒதுக்கவில்லை. இதுவரை யாரும் அறியாத பொருள் ஒன்று தசையில் இருக்கிறது, அது சிறிது சிறிதாக உடைந்து பாஸ்பரஸை வெளிவிடுகிறது என்று கண்டறிந்தனர். அதுதான் பாஸ்போகிரியேட்டின். 1927-இல் இச்செய்தி வெளிவந்தது. தசை இயங்குவது எவ்வாறு என்பதற்கு அறிவியலார் அதுவரை கூறிவந்த விளக்கத்தையே இது மாற்றி அமைத்தது.

அடுத்து 1929-இல், உயிர்களின் உடலில் ஆற்றலைச் சுமந்து செல்லும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் தசையிலிருந்து பிரித்தறிந்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதனைக் கண்டறிந்தார். நீங்கள் உயிரியல் பாடத்தில் படிக்கும் ஏ.டி.பி. இதுவே. இப்பணிகளையெல்லாம் செய்தபோது சுப்பாராவ் முனைவர் பட்டம்கூடப் பெறவில்லை, அவர் மாணவரே. அப்பட்டம் 1930-இல்தான் அவருக்குக் கிடைத்தது.

மாணவப் பருவத்தில் ஆராய்ச்சி செய்து உலகிற்குப் பயன் தந்தவர் இவர் ஒருவரே அல்லர். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளை 1869-இல் முதன்முதலில் விவரித்த பால் லாங்கர்ஹான்ஸ், பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்தவர். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்துக்கு 1916-இல் வழிதிறந்த ஜே மெக்லீன், அமெரிக்காவில் மருத்துவ மாணவராக இருந்தவர். வயது குறைவு என்பது கேள்வி கேட்பதற்குத் தடையில்லை.

உலகிற்கு அளித்த மருந்துகள்

இத்தனை செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940-இல் அவர் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். விரைவிலேயே ஆராய்ச்சித் துறையின் இயக்குநரானார். அடுத்த எட்டே ஆண்டுகளில் அவர் தலைமையில் நிகழ்ந்த பணிகள் வியப்பூட்டுபவை.

முதலாவது, ஃபோலிக் அமிலம். இதன் கதை நம் நாட்டோடு தொடர்புடையது. 1931-ஆம் ஆண்டு பம்பாயில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், ஆலைத் தொழிலாளரான கர்ப்பிணிப் பெண்களிடம் ஒருவகைக் கடுஞ்சோகையைக் கண்டார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாகிறது என்றும் கண்டறிந்து எழுதினார். அச்சாற்றில் உள்ள மருந்துப் பொருள் எது என்பது அப்போது தெரியவில்லை. சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைத் தூய நிலையில் பிரித்து, அதன் அமைப்பை அறிந்து, 1945-இல் அதனைச் செயற்கையாகத் தயாரித்தும் காட்டினர். அந்த மருந்து சோகைக்கு மட்டுமன்று, ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் பயன்பட்டது. உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு அவர் தேடிய மருந்து, நீண்ட காலம் கழித்து, கடலுக்கு அப்பால் அவர் கைக்கு வந்தது. இறந்தவர்களை அது மீட்கவில்லை. ஆனால் எத்தனையோ வீடுகளில் பிறர் இழக்கவிருந்த உடன்பிறப்புகளைக் காத்தது.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. அந்த மாத்திரையில் இரும்புடன் சேர்ந்திருப்பது இந்த ஃபோலிக் அமிலமே. கர்ப்பிணித் தாய்மார்களுக்கும் இது தரப்படுகிறது. கருவுறுவதற்கு முன்பிருந்தே உட்கொண்டால், குழந்தையின் முதுகுத் தண்டில் ஏற்படும் பிறவிக் குறையைப் பெரிதும் தடுக்கலாம் என்று 1991-இல் உறுதி செய்யப்பட்டது. மாத்திரையைக் கண்டவுடன் முகம் சுளிக்கும் மாணவியர் இனி அதன் பின்னுள்ள வரலாற்றை எண்ணிப் பார்ப்பார்களாக.

இரண்டாவது, புற்றுநோய் மருந்து. பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலத்தோடு தொடர்புள்ள மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணிவதற்கு மாறாக விரைந்து வளர்வதைக் கண்டார். அப்படியானால் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள் நோயையும் தடுக்குமன்றோ? அத்தகைய எதிர்ப்பொருள்களைச் சுப்பாராவின் ஆய்வுக்கூடம் செய்து அனுப்பியது. 1948-இல் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில், அமினோப்டெரின் கொடுக்கப்பட்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததாகக் கூறப்பட்டது. அதுவரை இரத்தப் புற்றுநோய் என்றால் சில வாரங்களில் அல்லது மாதங்களில் மரணம் என்றே இருந்தது. அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோடிரெக்சேட் இன்றளவும் இரத்தப் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் மருந்தாகப் பயன்படுகிறது.

மூன்றாவது, ஆரியோமைசின். பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவரவியல் அறிஞர், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து இதனைக் கண்டெடுத்தார். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் முதலாவது இது. 1948-இல் இது உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

நான்காவது, நம் காவிரி மண்ணுக்கு வேண்டிய மருந்து. யானைக்கால் நோயை உண்டாக்குவது நூல் போன்ற ஒரு புழு. சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் வளரும் கியூலெக்ஸ் கொசு அதனைப் பரப்புகிறது. புழுவின் குஞ்சுகள் இரவு நேரத்தில்தான் இரத்தத்தில் மிகுதியாக உலவும். அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வீடு வீடாக வந்து இரத்தம் எடுத்தனர். 1947-இல் லெடர்லி ஆய்வுக்கூடம் அறிவித்த டை எதில் கார்பமசின், அதாவது டி.இ.சி., இக்குஞ்சுகளை இரத்தத்திலிருந்து அகற்ற வல்லது. ஹெட்ரசான் என்பது அதன் வணிகப் பெயர்.

இந்தியாவில் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-இல் தொடங்கிற்று. நோய் பரவியிருந்த மாவட்டங்களில் மக்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை டி.இ.சி. வழங்கும் முறை தமிழ்நாட்டில் 1990-களின் பிற்பகுதியில் கடலூர் மாவட்டத்தில் தொடங்கி, பின்னர் தஞ்சை உள்ளிட்ட மாவட்டங்களுக்கு வந்தது. ஏற்கெனவே வீங்கிய காலை இம்மாத்திரை பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. ஆனால் ஒருவர் உடலிலிருந்து கொசு வழியாக அடுத்தவருக்கு நோய் செல்வதைத் தடுக்கிறது. தமக்கு நோயில்லாதபோதும் மாத்திரை உண்ட நம் மக்கள், அடுத்த தலைமுறைக்காகவே உண்டனர் எனலாம்.

மறைவு

1948 ஆகஸ்டில், ஓர் இரவு உறக்கத்திலேயே இதயம் நின்று சுப்பாராவ் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 53. அமெரிக்கக் குடியுரிமையை அவர் இறுதிவரை பெறவில்லை. தாய்நாட்டிற்கும் திரும்பி வரவில்லை. அவர் கப்பலேறிய பின் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனான். மனைவி சேஷகிரி இங்கே காத்திருந்தபடியே வாழ்ந்தார். ஒரு மேதையின் வாழ்வைப் புகழும்போது, அதற்காகப் பிறர் கொடுத்த விலையையும் நாம் மறத்தலாகாது. அந்த அம்மையாரின் தியாகத்திற்கும் நம் வணக்கம் உரியது.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. தம் பெயரை முன்னிறுத்தும் பழக்கமும் அவரிடம் இல்லை. ஆய்வுக்கூடத்தின் வெற்றிகளைக் குழுவினரின் வெற்றியாகவே கருதினார். சுப்பாரோமைசஸ் என்று ஒரு பூஞ்சைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1995-ஆம் ஆண்டு அவரது நூற்றாண்டின்போது இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது.

நமக்கு ஒரு சொல்

மாணவியரே! மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் போதும், பட்டம் பெற்று ஊரில் மருத்துவமனை வைத்தால் போதும் என்று பெற்றோரும் நாமும் எண்ணுகிறோம். அதுவும் நல்லதே. ஆனால் ஆராய்ச்சி என்பது நரைத்த தலைப் பேராசிரியர்களுக்கு மட்டுமே உரியதென எண்ண வேண்டாம். இன்று சுப்பாராவைப் போலக் கடல் கடந்து, இரவு வேலை பார்த்துத்தான் அதனைத் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. கல்லூரி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, சிறு கேள்வி ஒன்றை எடுத்து, இரண்டு மாதங்கள் ஆராய்ந்து, அறிக்கை எழுதி அளிக்க வேண்டும். நம் தஞ்சையிலேயே 1959 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. யானைக்கால், மலேரியா போன்ற நோய்களைப் பரப்பும் கொசுக்களை ஆராயும் நிலையம் ஒன்று அருகிலுள்ள புதுச்சேரியில் 1975 முதல் இயங்கி வருகிறது. வாய்ப்பு வாசலுக்கு வந்துவிட்டது. கேட்கும் மனந்தான் வேண்டும்.

அந்த மனத்தை இப்போதே பழக்கலாம். ஆய்வுக்கூடத்தில் செய்முறை தவறினால், தோழியின் ஏட்டைப் பார்த்து விடையை எழுதாதீர்கள். ஏன் தவறியது என்று கேளுங்கள். தாமதித்து ஏறிய நீல நிறத்தைப் பிழையென்று ஒதுக்கியிருந்தால் பாஸ்போகிரியேட்டின் அன்று கிடைத்திருக்காது. வயலில் நாற்று நடும் அம்மாவுக்கு ஏன் களைப்பு, பாட்டிக்கு ஏன் கால் வீக்கம், தெருச் சாக்கடையில் என்ன வளர்கிறது என்று உற்று நோக்கிக் குறித்து வையுங்கள்.

நிலத்தில் புதைத்து வைத்த தாலந்தினால் எவருக்கும் பயனில்லை என்று நற்செய்தி நமக்குக் கற்பிக்கிறது. துயரத்தையும் தோல்வியையும் தாலந்தாக மாற்றிக்கொண்ட சுப்பாராவின் வாழ்வு நமக்கு வழிகாட்டட்டும். நம் பள்ளியிலிருந்தும், பிணியாளர்க்குப் பரிவோடு பணிபுரிந்து, பிணிக்கே மருந்து தேடும் பெண்கள் பலர் எழ இறைவன் அருள்புரிவாராக!